பெட்டிப் பெண்

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. வீட்டில் மணியடித்தால் என் தங்கைதான் எடுப்பாள். யார் என்று கேட்டுவிட்டு, அக்கா குளிக்கிறாள் என்று சொல்லி வைத்துவிடுவாள். எப்போது யார் கூப்பிட்டாலும் நான் குளித்துக்கொண்டே இருப்பதால், பல்கலைக்கழகத்திலேயே மிகச் சுத்தமான பேராசிரியை என்று எனக்கொரு பெயர் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விடுமுறை நாளன்று வளாகக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்த அழைப்பை நீங்கள் பலமுறை போட்டுக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. தொலைபேசியில் பேச வராதவளுக்கு அது லேசான காரியம் இல்லை.

உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த அழைப்பை 'மிரண்டுபோன யாரோ ஒரு பெண்மணி யோசிக்காமல் செய்தது' என்கிறது. பத்திரிகைகளும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டன. அதைப் படித்த பிறகுதான் நானாக இங்கே வந்தேன். நான் மிரளவில்லை. யோசிக்காமலும் செய்யவில்லை. என் மாணவர்கள் யாராவது இப்படியொரு வரியை எழுதிக்கொண்டு வந்திருந்தால், இதற்கு என்ன ஆதாரம் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நான் ஒப்பிலக்கியத் துறையின் தலைவி. இனமும் அதிகாரமும்தான் என் பாடம். கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் எழுதிய கதைகள், சொந்த மண்ணிலேயே வேலிக்குள் அடைக்கப்பட்டவர்கள் எழுதிய கதைகள், நம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கரை மக்களின் பாட்டுகள், இவற்றையெல்லாம் அருகருகே வைத்துப் படிப்போம். கடல் வேறு, மொழி வேறு, ஆனால் அடிக்கிறவனின் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொள்வார்கள்.

அக்கரைக்காரர்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இக்கரைதானே. அவர்கள் நிறம் வேறு, பேச்சு வேறு. நம் வீடுகளைக் கட்டியதும் அவர்கள்தான், நம் சாக்கடைக்குள் இறங்குவதும் அவர்கள்தான். பாலத்தில் இருக்கிற சோதனைச் சாவடியில் நிற்பதும் அவர்கள் மட்டும்தான். நம் ஆட்கள் அவர்களைச் 'சேற்றுக்கால்' என்பார்கள். என் வாயிலிருந்து அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை. வகுப்பில் அதைச் சொன்ன ஒரு பையனை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை ஊரிலேயே உண்மையாக நம்புகிற ஒரே ஆள் எங்கள் அக்காதான் என்று என் தங்கை கேலி செய்வாள்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நம்மவர்கள் யாரும் போகாத காலத்தில், அக்கரைக்குப் போனேன். ஒரு பெரிய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு படகில் தனியாகப் போனேன். அவர்களுடைய சாவுப்பாட்டைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் ஆசை. பல நாள் கெஞ்சிய பிறகு ஒரு செங்கல் சூளையில் வேலைசெய்த பெண்கள் கூடிப் பாடிக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டு இது:

வெள்ளைப் பாதம் நனையாமல் வந்தவளே
பெட்டி சுமந்து வந்தவளே
பெட்டிக்குள் என் குரலைப் பூட்டிக்கொண்டவளே
யார் பெற்ற பிள்ளையோ
பெட்டியோடு போய்ச் சேர்ந்தாயே

இந்த ஐந்து வரியை வைத்து நான் எழுதிய புத்தகம்தான் 'பெட்டிப் பெண்'. பண்ணை வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே செத்து, பெட்டியில் திரும்பிய ஒரு அக்கரைப் பெண்ணுக்கான ஒப்பாரி இது என்று எழுதினேன். பெட்டி என்பது அதிகாரம், குரலைப் பூட்டுவது என்பது ஓர் இனத்தின் நாக்கை அறுப்பது என்று எழுதினேன். அந்தப் புத்தகம் எத்தனை மொழிக்குப் போயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியாது. நான் நேரில் பார்த்திராத நாடுகளில் எல்லாம் பெட்டிப் பெண்ணைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தினார்கள். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. பெட்டிப் பெண்தான் எனக்கு எல்லாம். இதை நான் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கு இது அவசியம்.

இனி அவனைப் பற்றி. அக்கரையிலிருந்து எங்கள் துறைக்கு வந்த முதல் ஆராய்ச்சி மாணவன் அவன். தன்னை அறியாமல் சீட்டியடித்துக்கொண்டே வேலைசெய்வான் என்பதால் துறையில் எல்லோரும் அவனைச் சீட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு இடம் கொடுக்கச் சொல்லி நான்தான் போராடினேன். விடுதியில் அவனோடு அறையைப் பகிர ஆளில்லாதபோது தனி அறை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவான். என் தங்கை அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். அவள் வாழ்நாளில் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்ததில்லை. ஆனாலும் அவனிடம் மணிக்கணக்கில் பேச அவளுக்கு விஷயம் இருந்தது. எனக்கு அவன்மேல் பிரியம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

முதல் வருடத்தில் அவன் எனக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தான். 'மரியாதையான குரல்' என்பது தலைப்பு. எல்லா நாட்டுக் கதைகளிலும், ஒடுக்கப்பட்ட ஒருவன் சாவதற்கு முன்னால், மரியாதைக்குரிய யாரோ ஒருவரின் குரல் வருகிறது என்று அதில் காட்டியிருந்தான். அந்தக் குரல் கத்தாது. பொய் சொல்லாது. யாரோ அங்கே இருக்கிறார் என்று சொல்லும். அவர் எந்த ஆள் என்று சொல்லும். கையில் ஏதோ இருக்கிறது என்று சொல்லும். அதோடு நிறுத்திக்கொள்ளும். மிச்சத்தைக் கேட்கிறவனே நிரப்பிக்கொள்வான். அதனால் எந்த நீதிமன்றத்திலும் அந்தக் குரலுக்குத் தண்டனை கிடையாது. அருமையான கட்டுரை. நான் யாருக்கும் கொடுக்காத மதிப்பெண்ணை அதற்குக் கொடுத்தேன். இன்றைக்கும் அது தகுதியான மதிப்பெண் என்றே சொல்வேன்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் எங்கள் ஒலிக்காப்பகத்து நாடாக்களைச் சுத்தம்செய்யும் வேலையை அவனிடம் ஒப்படைத்தேன். பழைய நாடாக்களில் இரைச்சல் நிறைய இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை உரித்து எடுத்தால், அடியில் கிடக்கிற சத்தங்கள் மேலே வரும். என்னுடைய பாட்டு நாடாவையும் அவன் அப்படி உரித்தான். நான் ஓய்வுபெறும்போது பாராட்டு விழா எடுத்து, 'பெட்டிப் பெண்' புத்தகத்தின் புதிய பதிப்பையும் வெளியிடுவதாக ஏற்பாடு. அதற்குப் பரிசாக அந்தப் பாட்டைத் தெளிவாகக் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

ஒருநாள் சாயங்காலம் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லி, தன்னுடைய பழைய ஹெட்போனை என் காதில் மாட்டினான். பாட்டுக்கு முன்னால், நான் வெறும் இரைச்சல் என்று நினைத்திருந்த இடத்தில், பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. நடுவில் ஒருத்தி, "வாயால கேட்டுட்டாளே, குடுத்து அனுப்புங்கடி" என்று அவர்கள் பேச்சில் சொன்னாள்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

"எங்க பக்கம் ஒடம்பு இல்லாம சாவுப்பாட்டு பாட மாட்டாங்க மேடம். வெளியாளு யாராவது வந்து பாடு பாடுன்னு நச்சரிச்சா, உங்க வாயால கேளுங்கம்பாங்க. கேட்டுட்டா, கேட்டவங்களையே பொணமா வெச்சுப் பாடி அனுப்பிடுவாங்க. எங்கம்மா கணக்கெடுக்க வந்தவருக்குப் பாடியிருக்காங்க. தடுப்பூசி டாக்டருக்குப் பாடியிருக்காங்க. பாவம், அவரு கண்ணு கலங்கிப் போனாரு."

"அப்ப பெட்டிப் பெண்?" என்றேன்.

"நீங்கதான் மேடம். அந்தப் பெரிய டேப் ரெக்கார்டரத் தூக்கிட்டுப் போனீங்கல்ல."

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. வீட்டில் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வோமே, அந்த மாதிரிச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டதே என்றுகூடச் சொன்னேன். படகிலிருந்து என் பாதம் நனையாமல் இருக்கக் கரையில் பலகை போடச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் நின்றவளும் பாடியவர்களில் ஒருத்தி.

அவனுக்கு அது மகிழ்ச்சியான கண்டுபிடிப்பு. பாராட்டு விழாவில் அதைச் சொல்லலாமா என்று கேட்டான்.

"நீங்களே சொன்னா இன்னும் நல்லாருக்கும் மேடம். இவ்ளோ பெரிய மனுஷி 'நான் ஏமாந்துட்டேன்'னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் ஒருத்தனும் மைக்கைத் தூக்கிட்டு எங்க சாவு வீட்டுக்கு வர மாட்டான். உங்க புஸ்தகத்துக்கும் இது மரியாதைதான்."

இதை விட்டுவிட முடியாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான். "அந்தப் பொம்பளைங்க சிரிச்சதுதான் மேடம் பாட்டே. மீதியெல்லாம் அதுக்குத் துணை" என்றான். பிறகு, நான் சங்கடப்பட வேண்டாம், முன்னுரையை அவனே எழுதித் தருவதாகவும் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் ஆறுதலாகச் சொன்னான்.

அந்த ஆறுதல்தான். நீங்கள் காரணம் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். உலகம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு அவன் எனக்கு இடம் கொடுத்தான். நான் கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டு எனக்குப் பெருந்தன்மை காட்டினான். அக்கரையிலிருந்து வந்தவன், ஏதோ கால் தவறி விழுந்தவளைத் தூக்கிவிடுவதுபோல என் தோளைத் தொட்டான். என் தோளை அதற்கு முன் யாரும் அப்படித் தொட்டதில்லை. அன்று இரவு சோப்புப் போட்டுக் கழுவினேன். உடனே அதற்காக வெட்கப்பட்டேன் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் தங்கையிடம், அவன் ஒரு முக்கியமான விஷயம் கண்டுபிடித்திருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். "பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுக்கா. அந்த ஒட்டுப்போட்ட ஹெட்போனப் பாத்தாலே பாவமா இருக்கு" என்றாள். நல்ல யோசனையாகப் பட்டது. கடையில் இருந்ததிலேயே நல்லதை வாங்கினேன், வெளிச்சத்தம் துளிகூட உள்ளே வராத ரகம். மாட்டிப் பார்த்துவிட்டு, "இடியே விழுந்தாலும் கேக்காது மேடம்" என்று சந்தோஷப்பட்டான். நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

பாலத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வளாகக் காவலர்களுக்குத் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த எதிர்ப்புக்காக அவர்களுடைய விதிகளை வரி வரியாகப் படித்திருந்தேன். அடையாள அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும். கையைத் தூக்கச் சொல்லி எச்சரிக்க வேண்டும். கீழ்ப்படியாமல், கையில் ஆயுதம் இருப்பதாகத் தோன்றினால் சுடலாம். 'தோன்றினால்' என்ற அந்தச் சொல்லைப் பற்றி நான் ஒரு கண்டனக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். இப்போது அதைத் திரும்பப் படித்தாலும் என் வாதம் சரியாகத்தான் இருக்கிறது.

புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி அவனுடைய அடையாள அட்டையை வாங்கி என் மேசைக்குள் வைத்தேன். விடுமுறை நாளன்று காப்பகம் அமைதியாக இருக்கும், வந்து வேலைசெய் என்று என் சாவியைக் கொடுத்தேன். விழாவுக்காக அந்தப் பாட்டை அவன் குரலில் ஒரு பதிவு எடுத்துத் தரச் சொன்னேன். பாட மாட்டேன் என்றான். உடம்பு இல்லையே. வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் சீட்டியடித்துத் தருகிறாயா என்றேன். யோசித்துவிட்டு, அதில் தப்பில்லை என்றான். காதில் நாடாவைக் கேட்டுக்கொண்டே, கையில் ஒலிவாங்கியைப் பிடித்து, அதோடு சேர்ந்து சீட்டியடிக்க வேண்டும். கறுப்பு ஒலிவாங்கி. குட்டையாக, கைப்பிடியோடு இருக்கும். வெள்ளை நிறத்திலும் ஒன்று இருந்தது. அதைப் பூட்டி வைத்தேன்.

அன்றைக்குத் தங்கை அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாள். என் அறையும் ஒலிக்காப்பகமும் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி எதிரெதிரே இருக்கின்றன. மதிய வெயிலில் முற்றம் வெறிச்சென்று கிடந்தது. ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. ஹெட்போன் மாட்டியிருந்தான். தலை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நல்ல இசையைக் கேட்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான் என்பது எனக்குத் தெரியும். அடுத்த அறையான துறை அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த தொலைபேசியில் பேசினேன்.

"மூணாவது மாடி டேப் ரூம்ல யாரோ இருக்காரு. அக்கரை ஆளு. கையில கறுப்பா என்னமோ வெச்சிருக்காரு."

எல்லாம் உண்மை. 'இருக்கான்', 'வெச்சிருக்கான்' என்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். மறுமுனையில் இருந்தவர் பெயரைக் கேட்டார். "பேரெல்லாம் வேணாங்க, பயமா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். உங்கள் குழு எனக்குக் கொடுத்த பட்டம் அந்த ஒரு பொய்யிலிருந்து வந்தது. மரியாதையான குரல் பொய் சொல்லக் கூடாது என்று அவன் எழுதியிருந்தான். அவனையே கேட்டிருந்தால் அந்த இடத்தில் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பான்.

பிறகு என் அறைக்கு வந்து ஜன்னலருகே நின்றேன். காவலர் சின்ன வயசுக்காரர், பயந்த முகம். கதவைத் திறந்து வாயை அசைப்பது தெரிந்தது. திரும்பத் திரும்ப அசைத்தார். கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல் திமிராகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது என்னுடைய பாட்டின் மெட்டு. ஏதோ நிழல் விழுந்ததை உணர்ந்து அவன் திரும்பினான். ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியேதான் திரும்பினான். யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆர்வம்தான் அவன் முகத்தில் இருந்தது. அவ்வளவுதான், சத்தம் கேட்டது. புறாக்கள் முற்றத்திலிருந்து எழும்பிப் போய்விட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தன.

அந்தக் காவலரைச் சிறையில் வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எழுதியது நான், அவர் வாசித்தார். வாசிக்கத் தெரியாதவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டிபன் கேரியர் ஆறிவிட்டது. அவனுடைய பங்கையும் நானே சாப்பிட்டேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. வீட்டுக்குப் போனதும் தங்கை அழுதுகொண்டே, "சாப்பிட்டானாக்கா?" என்று கேட்டாள். சாப்பிட்டான், நன்றாக இருந்ததாகச் சொன்னான் என்றேன். அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கணினியில் அவன் சுத்தம்செய்து வைத்திருந்த பிரதியை அழித்தேன். இரைச்சலோடு இருக்கிற பழைய நாடா அப்படியே இருக்கிறது. ஆராய்ச்சியாளர் எவரும் மூலத்தை அழிக்க மாட்டார்கள். விழா தள்ளிப் போய், பிறகு நினைவுக் கூட்டமாக நடந்தது. அவன் கட்டுரையிலிருந்து சில பத்திகளை நான் வாசித்தபோது மண்டபத்தில் அழாதவர்கள் இல்லை. புதிய பதிப்பை அவனுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறேன்.

கூட்டத்துக்குச் சில நாள் கழித்து அவன் அம்மா அவனுடைய பொருட்களை வாங்கிக்கொள்ள வந்தாள். செங்கல் சூளையில் வேலைசெய்கிறவள். கை முழுக்கக் காய்ப்பு. சோதனைச் சாவடியில் நிறுத்திவைத்ததில் நேரமாகி, களைத்துப்போய் வந்தாள். உடம்பை அவர்களிடம் கொடுத்தபோது சாவுப்பாட்டுப் பாட விடவில்லை, அவசர அவசரமாகப் புதைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. அவனை உள்ளே விட்டது யார் என்று கேட்டாள். நான்தான் சாவி கொடுத்தேன் என்றேன். எந்த இடம் என்று கேட்டாள். ஜன்னல் வழியாகக் காட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என் கழுத்தில் கயிற்றில் தொங்குகிற சாவிக்கொத்தைப் பார்த்தாள். நல்ல கவனிப்பு. அவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

இறந்தவனுக்கு முறைப்படி ஒரு பாட்டு இல்லாமல் போனது எனக்கு உறுத்தலாக இருந்தது. அதனால், இங்கே பாடுங்கள், நான் பதிவுசெய்து காப்பகத்தில் வைக்கிறேன், அவன் பெயர் நிலைக்கும் என்றேன்.

"ஒடம்புதான் மண்ணுக்குள்ள போயிருச்சே. ஒடம்பு இல்லாம நாங்க பாடறதில்லையே" என்றாள்.

அவனுக்காகப் பாடக் கூடாதா என்று மறுபடியும் கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பாடணுமா? அப்ப உங்க வாயால கேளுங்க."

கேட்டேன். தரையில் உட்கார்ந்து, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாடினாள். குரலில் நடுக்கமே இல்லை.

கழுத்தில் சாவி அணிந்தவளே
கதவு திறந்து விட்டவளே
எதிரே ஜன்னல் வைத்தவளே
எல்லாம் பார்த்து நின்றவளே
யார் பெற்ற பிள்ளையோ
தனியாகப் போய்ச் சேர்ந்தாயே

பாடி முடித்ததும் எழுந்து, அவன் செருப்பையும் சட்டையையும் எடுத்துக்கொண்டாள். அந்த ஹெட்போனை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் அழுதேன். உண்மையான அழுகை. அவன் செத்தபோதுகூட எனக்கு அப்படி வரவில்லை.

அன்று வீட்டில் அந்தப் பதிவைத் தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு அந்தப் பேச்சு தெரியாது என்பதால் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னேன். பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு, "எந்த ஜன்னல்க்கா? நீ அன்னிக்கு அங்க நின்னியா?" என்று கேட்டாள். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை, அந்தச் சாப்பாட்டு விஷயத்தைத் தவிர. நின்றேன் என்றேன். இப்போது வீட்டில் மணியடித்தால் அவள் எடுப்பதில்லை. அடித்து அடித்து அதுவே ஓய்ந்துவிடுகிறது.

அவளுக்குப் புரியாது. அவள் படித்தவள் இல்லை. உங்களுக்குப் புரியும் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். வேண்டுமென்றே, திட்டமிட்டு, முழு நிதானத்தோடு அந்த அழைப்பைச் செய்தது நான்தான். உங்கள் அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். தண்டனை எதுவானாலும் சரி.

இன்னொன்றையும் பதிவுசெய்துகொள்ளுங்கள். அவர்கள் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் பாடுவதில்லை. இக்கரையில் பிறந்த என்னை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, என் கண்ணைப் பார்த்து, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை பாடியிருக்கிறார்கள். அதுவும் இரண்டாவது தடவை பெற்ற தாயே பாடியிருக்கிறாள். என்னைத் தங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொள்ளாமலா பாடியிருப்பார்கள்? அவன் இருந்திருந்தால் அவனே உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருப்பான்.